தோள் வலிக்கு லேண்ட்மைன் உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஐ.டி. வேலை. மடிப்பாக்கத்தில் அப்பார்ட்மென்ட், இரண்டாவது மாடி. லாக்டவுனில் வாங்கிய ராடும் பிளேட்டுகளும் வீட்டில் இருக்கின்றன. தலைக்கு மேல் எடை தூக்கினால் வலது தோள் குத்துகிறது. ராடின் ஒரு முனையைத் தரையில் வைத்த சுழலும் குழாயில் செருகி, மறுமுனையைத் தூக்க உதவும் ‘லேண்ட்மைன்’ கருவி வாங்கினால் விதவிதமாகப் பயிற்சி செய்யலாம் என்கிறார் நண்பர். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். நண்பர் சொல்லும் ‘விதவிதம்’ எனக்கு இரண்டாம்பட்சம்தான். உங்கள் வலது தோளுக்கு இது ஒத்துவரும் என்பதால் சொல்கிறேன்.

எடையை நேராக மேலே தூக்க, கை காதை ஒட்டி நிமிர வேண்டும். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் குனிந்திருப்பவர்களுக்கு மேல்முதுகு விறைத்துப்போயிருக்கும். தோள்பட்டை எலும்பும் போதுமான அளவு சுழலாது. விளைவு, தோளுக்குள் தசைநாண்கள் அழுந்தி வலி. லேண்ட்மைனில் ராடு வளைவாக, முன்னாலும் மேலாகவும் போகிறது. கை சாய்வாகவே நின்றுவிடும். ராடு உயர உயர, கைக்குத் தெரியும் பாரமும் குறையும்.

ஆர்டர் போடும் முன் ஒன்று செய்து பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இடது கை திரும்பும் அளவுக்கு வலது கை திரும்பவில்லை, வேறொருவர் பிடித்துத் திருப்பினாலும் நகரவில்லை என்றால், அது தோள் மூட்டு இறுகிப்போகும் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ ஆக இருக்கலாம். சுகர் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். நீங்கள் சுகர் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி, கையைத் தூக்கவே தெம்பில்லாமை, விரல்வரை மரத்துப்போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கருவி எங்கும் ஓடிவிடாது.

ராடுக்கும் எடை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 7 அடி ஒலிம்பிக் ராடு 20 கிலோ. ஒரு முனையை மட்டும் தூக்கினாலே சுமார் 10 கிலோ கையில் இறங்கும். ஆகவே முதல் இரண்டு வாரம் பிளேட் வேண்டாம். வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது காலை முன்னால் வையுங்கள். ராடின் முனை வலது தோளுக்கு முன்னால், உள்ளங்கையில் இருக்கட்டும். முழங்கையை விரிக்காமல் முன்னோக்கித் தள்ளுங்கள். தரையிலிருந்து முனையை எடுக்கும்போது மட்டும் இரண்டு கை. தண்ணீர் கேனைத் தூக்குவதுபோல முழங்காலை மடக்கி எடுங்கள். இடுப்புப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். அழுத்தம் 180/110-ஐத் தொட்டிருந்தால் அன்று ராடைத் தொடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். மாத்திரை, இதயத் துடிப்பைத் தணிக்கும் ‘பீட்டா பிளாக்கர்’ வகை என்றால் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. கை வாட்ச் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

தோளுக்கு மேலே சொன்ன தள்ளும் பயிற்சி (பிரஸ்), காலுக்கு முனையை நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், முதுகுக்குக் குனிந்து முனையை உடலை நோக்கி இழுக்கும் ரோயிங். வாரம் இரண்டு நாள், இந்த மூன்றே போதும். பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசை வலுவுக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. யூடியூபில் ராடை இடமும் வலமும் சுழற்றுவார்களே, அதைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். கீழ்முதுகு அதிகம் திரும்பக்கூடியதல்ல. இடுப்பும் பாதமும் சேர்ந்து திரும்பப் பழகாமல் சுழற்றினால் டிஸ்க்குக்குத்தான் ஆபத்து.

துண்டைச் சுற்றி ராடைச் சுவர் மூலையில் முட்டுக்கொடுக்கும் வித்தை வேண்டாம். சுவர்ப் பூச்சு உதிரும், ராடும் நழுவும். அடியில் கனமான ரப்பர் மேட் போடுங்கள், கீழ்வீட்டுக்காரரும் மனிதர்தானே. நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வழுக்கும், பக்கத்தில் துண்டு இருக்கட்டும். பிளேட்டுக்கு லாக் கட்டாயம். இன்னொன்று: லேண்ட்மைன் பெரும்பாலும் முனை இரண்டு அங்குலம் உள்ள ஒலிம்பிக் ராடுக்காகச் செய்யப்படுவது. வீட்டு செட்டில் வரும் மெல்லிய ராடு அதில் லொடலொடவென்று ஆடும். உங்கள் ராடின் முனையை டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.