ஒரே மேன்ஷன், எதிரெதிர் ரூம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். மதுரைல சட்டக் கல்லூரி நாலாம் வருஷம் படிக்கிறேன். காம்படிஷன் லா (கம்பெனிங்க போட்டிய நசுக்கி விலை ஏத்தறத தடுக்கற சட்டம்) மூட் கோர்ட், அதாவது மாதிரி கோர்ட் போட்டி ஒண்ணுக்காக லண்டன் மாஸ்டர்கார்டு கேஸ், அதான் மெரிக்ஸ் கேஸ் (மாஸ்டர்கார்டு கட்டணத்தால கடைல விலை ஏறுச்சுன்னு மக்கள் சார்பா போட்டது), சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப படிச்சுட்டு இருந்தேன். முதல் பக்கத்துல ஆஜரானவங்க பேர் இருந்துச்சு, சும்மா ஒவ்வொரு பேரா தேடிப் பாத்தா மாஸ்டர்கார்டுக்கு நின்ன மார்க் ஹாஸ்கின்ஸும் எதிர்ப்பக்கம் நின்ன மரீ டிமெட்ரியூவும் ரெண்டு பேருமே ப்ரிக் கோர்ட் சேம்பர்ஸ். தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் இன்டர்ன்ஷிப் பண்ண சீனியர் ஆபீஸ்ல, எதிர்பார்ட்டி வக்கீல் கேன்டீன்ல நம்ம டேபிள்ல வந்து உக்காந்தாலே ஜூனியருங்க ஃபைல மூடி வச்சுருவாங்க. இவங்க என்னடான்னா ஒரே ஆபீஸ்ல இருந்துட்டு எதிரெதிரா வாதாடுறாங்க. இது வேஷம் இல்லையா அண்ணா? நீங்க அங்க சொலிசிட்டர் ஆபீஸ்ல வேலை பாத்ததா முன்னாடி எழுதியிருந்தீங்க, அதான் கேக்குறேன். காம்படிஷன் லாவுக்கு எந்த சேம்பர்ஸ் டாப்னும் சொல்லுங்க. அப்புறம், இன்னும் அந்த வெள்ளை விக் எல்லாம் போடுறாங்களா?

சரண்யா

அன்புள்ள சரண்யா,

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல. அங்க கட்சிக்காரர் வந்து பாக்கற வக்கீல் சொலிசிட்டர், கோர்ட்ல நின்னு வாதாடுறவர் பாரிஸ்டர். ஆறு வருஷம் பண்டில் அடுக்கினவன், அவ்ளோதான். பண்டில்னா கேஸ் பேப்பர் மொத்தத்துக்கும் பக்க நம்பர் போட்டு, தடித்தடி ஃபைல்ல கோத்து, ஜட்ஜுக்கு ஒரு செட், நம்ம பாரிஸ்டருக்கு ஒரு செட், எதிர்தரப்புக்கு ஒரு செட்னு கொண்டுபோய் சேக்கறது. இப்ப பெரும்பாலும் ஸ்க்ரீன்ல வந்துருச்சு, எங்க காலத்துல பேப்பர் தான், ட்ராலில தள்ளிட்டுப் போகணும். உங்களுக்கு தீர்ப்போட முதல் பக்கத்துல வந்த அதிர்ச்சி எனக்கு ஒரு ரிசப்ஷன்ல வந்துச்சு. நல்ல மழை, ட்ராலில ரெண்டு செட்டு, மேல குப்பைக் கவர கிழிச்சுப் போத்திட்டு டெம்பிள்னு லண்டன்ல வக்கீலுங்க இருக்கற ஏரியா பக்கம் ஒரு சேம்பர்ஸுக்குப் போய் நின்னு ஸ்லிப்ப பாத்தா ரெண்டு செட்டுக்கும் ஒரே அட்ரஸ். எவனோ தப்பா டைப் பண்ணிட்டான்னு ஆபீஸுக்கு போன் போட்டேன். தப்பில்லப்பா, ஒண்ணு நம்ம ஆளுக்கு, ஒண்ணு அவங்க ஆளுக்குன்னாங்க. ரிசப்ஷன்ல இருந்த அம்மா ரெண்டு ஸ்லிப்பையும் பாத்துட்டு, தபால் பிரிக்கிற மாதிரி, இத இந்த சுவத்தோரமா வை, அத அந்த சுவத்தோரமா வை, கலந்துராம மட்டும் பாத்துக்கோன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

நீங்க ஆபீஸ்னு நெனைக்கிறீங்கல்ல, அங்கதான் குழப்பமே. சேம்பர்ஸ் ஒரு கம்பெனி கிடையாது, பார்ட்னர்ஷிப்பும் கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷன் தெரியுமா, ஒவ்வொருத்தனும் தன் ரூமுக்கு வாடகை, பொதுவா ஒரு மேனேஜர், பொதுவா ஒரு போர்டு, ஆனா அடுத்த ரூம்காரன் சம்பளத்துல உங்களுக்கு ஒரு பைசா பங்கு இல்ல. அதே கதைதான். பாரிஸ்டர் ஒவ்வொருத்தரும் தனித்தனி ஆளு, தன் ஃபீஸ தானே வாங்கிக்கிறாங்க, அதுல ஒரு பங்க சேம்பர்ஸ் செலவுக்குக் கட்டுறாங்க. அங்க நிரந்தரமா இடம் கெடச்சவங்களுக்குப் பேரே டெனன்ட், அதாவது குடித்தனக்காரர். வாசல்ல சீனியாரிட்டி வரிசைல பேர் எழுதிப் போட்டிருப்பாங்க, டெம்பிள் பக்கம் போனா அத வரிசையா படிச்சுட்டே நடக்கலாம், ஒரு சந்துல நுழைஞ்சா ரேஷன் கடை லிஸ்ட் மாதிரி அம்புட்டு பேரு.

மேன்ஷன் மேனேஜர் வேலைய பாக்கறவர் கிளார்க். நம்ம ஊர் குமாஸ்தான்னு நெனச்சுராதீங்க. எந்த கேஸ் எந்த பாரிஸ்டருக்கு, என்ன ஃபீஸு, எந்த தேதி, எல்லாம் பேசி முடிக்கறது அவர்தான். பழைய தலைமுறை கிளார்க்குங்க பல பேர் பதினாறு பதினேழு வயசுல ஸ்கூல விட்டு நேரா அங்க வேலைக்குச் சேந்தவங்க, ஆக்ஸ்ஃபோர்டு படிச்ச பாரிஸ்டருக்கு இன்னைக்கு என்ன சோறுன்னு முடிவு பண்றது இவங்கதான், பெரிய சேம்பர்ஸ்ல சீனியர் கிளார்க் வருமானம் பல பாரிஸ்டர விட ஜாஸ்தி. சொலிசிட்டர் ஆபீஸ்ல இருந்து போன் போட்டு இன்னார் வேணும்னு கேட்டா, அவர் எதிர்தரப்புக்கு புக் ஆயிட்டார், அதே ஃப்ளோர்ல இன்னொருத்தர் இருக்கார், தரவான்னு கூச்சமே இல்லாம கேப்பாங்க.

அதுக்குப் பின்னாடி ஒரு ரூல் இருக்கு, கேப் ரேங்க்னு பேரு, டாக்ஸி ஸ்டாண்டு விதின்னு வச்சுக்கங்களேன். வரிசைல முதல்ல நிக்கிற வண்டி, வர்ற சவாரி யாரா இருந்தாலும் ஏத்திக்கணும். நம்ம ஊர் ஸ்டாண்டுல அந்தப் பக்கம் வராது சார்னு சொல்லிருவாங்க, அங்க சொல்லக்கூடாது. தன்னோட துறைல கேஸ் வந்து, தேதி ஒத்துவந்து, ஃபீஸ் நியாயமா இருந்து, வேற இடைஞ்சல் ஏதும் இல்லன்னா, கட்சிக்காரர் மூஞ்சி பிடிக்கலன்னு தட்டிக் கழிக்க முடியாது. (ஃபீஸ் நியாயமா இருந்துன்னு சொன்னேன் பாத்தீங்களா, காம்படிஷன் லால அந்த நியாயம் எந்த உயரத்துல இருக்குன்னு நான் சொன்னா நீங்க மூட் கோர்ட்ட விட்டுட்டு நேரா ஏர்போர்ட் போயிருவீங்க.)

இப்ப உங்க ஹாஸ்கின்ஸ், டிமெட்ரியூ கதைக்கு வருவோம், நீங்க பாதிதான் பாத்திருக்கீங்க. மெரிக்ஸ் கேஸ்ல ஹாஸ்கின்ஸ் கம்பெனி பக்கம், டிமெட்ரியூ மக்கள் பக்கம். அப்புறம் கென்ட் எதிர் ஆப்பிள்னு ஒரு கேஸ், ஆப் ஸ்டோர்ல 30 சதவீதம் கமிஷன் வாங்கறது அநியாயம்னு ஐபோன், ஐபேட் வச்சிருக்கறவங்க சார்பா ரேச்சல் கென்ட்னு ஒரு அம்மா போட்டது, 2025 ஆரம்பத்துல ஏழு வாரம் விசாரணை. அதுல மக்கள் பக்கம் நின்னது ஹாஸ்கின்ஸ், ஆப்பிள் பக்கம் நின்னது டிமெட்ரியூ! அப்படியே இடம் மாறி நிக்கிறாங்க. 2025 அக்டோபர்ல தீர்ப்பு, ஆப்பிள் தோத்துச்சு, நஷ்டஈடு 1.5 பில்லியன் பவுண்ட் வரைக்கும் போகலாம்னு கணக்கு, ஆப்பிள் அப்பீல் போறோம்னு அன்னைக்கே சொல்லிருச்சு. இப்ப சொல்லுங்க, இதுல யாரு கம்பெனி வக்கீல், யாரு மக்கள் வக்கீல்? வேஷம்னா ஒரே வேஷத்த கடைசி வரைக்கும் போடணும், இவங்க டாக்ஸி ஓட்டுறாங்க, ஏறுறவங்க சொல்ற இடத்துக்குப் போறாங்க.

ஃபைல மூடி வைக்கிற விஷயம் அங்கயும் இருக்கு, சொல்லப்போனா நம்ம ஊர விட பத்து மடங்கு. காம்படிஷன் கேஸ்னாலே கம்பெனியோட விலை, லாபம், யார் யாரோட என்ன டீல், எல்லாம் வெளிய வரும். அதனால கேஸ விசாரிக்கற ட்ரிப்யூனல் ஒரு ஆர்டர் போடும், இந்த லிஸ்ட்ல பேர் இருக்கற வக்கீலும் எக்ஸ்பர்ட்டும் மட்டும்தான் இந்தப் பேப்பர பாக்கலாம்னு. அதுக்கு கான்ஃபிடென்ஷியாலிட்டி ரிங்னு பேரு. தன் கட்சிக்காரர் கிட்டயே சொல்லக்கூடாது, அப்பேர்ப்பட்ட ரிங்கு. நாங்க அந்தப் பேப்பருக்கு மட்டும் மஞ்சள் தாள்ல பிரிண்ட் போடுவோம், ஒரு மஞ்சள் தாள் வெள்ளை ஃபைல்ல கோத்துட்டேன்னு ராத்திரி பதினோரு மணிக்குக் கண்டுபிடிச்சு, ஃபைல் வெளிய போறதுக்குள்ள திருப்பிப் பிரிச்சு அடுக்கினேன், அன்னைக்கு வேர்த்தது இன்னும் ஞாபகம் இருக்கு. அதனால ஒரே கூரைங்கறதால ரகசியம் கசியும்னு கவலப்பட வேணாம். மாட்டினா லைசென்ஸே போயிரும்.

ஆனா உங்க சந்தேகத்த முழுசா தள்ளிவிடவும் எனக்கு மனசு வரல. எனக்கு உறுத்தறது வேற இடம். இது ரொம்ப சின்ன ஊரு சரண்யா. 1973ல பிரிட்டன் ஐரோப்பிய பொதுச் சந்தைல சேந்தப்ப ஐரோப்பிய சட்டத்த சீந்துவாரில்ல, ரெண்டு மூணு சேம்பர்ஸ்ல கொஞ்சம் பேர் மட்டும் அத எடுத்துப் படிச்சாங்க, லக்ஸம்பர்க்ல இருக்கற ஐரோப்பிய கோர்ட்டுக்குப் போய்ட்டு வந்தாங்க. அப்புறம் காம்படிஷன் ஆக்ட் 1998னு ஒண்ணு வந்து, 2000 மார்ச்ல அமலுக்கு வந்துச்சு, பாத்தா கிட்டத்தட்ட அந்த ஐரோப்பிய சட்டத்தோட அச்சு. அவ்ளோதான், அந்தக் கொஞ்சம் பேர் வீட்டு வாசல்ல க்யூ. அப்புறம் இந்த கேஸுக்குன்னே காம்படிஷன் அப்பீல் ட்ரிப்யூனல் வந்துச்சு, சுருக்கி கேட்னு கூப்பிடுவாங்க, பூனை கேட் தான். அதோட முதல் தலைவர் கிறிஸ்டோபர் பெல்லமி, மாங்க்டன் சேம்பர்ஸ்காரர். அடுத்தவர் ஜெரால்டு பார்லிங், ப்ரிக் கோர்ட். அதுக்கு அடுத்து பீட்டர் ராத், மறுபடி மாங்க்டன். நாலாவதா மார்கஸ் ஸ்மித் வந்தப்பதான் ஃபவுண்டன் கோர்ட்டுன்னு வேற ஒரு பேரே வருது. எல்லாரும் கெட்டிக்காரங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா வாதாடுறவர், எதிர்த்து வாதாடுறவர், மேல உக்காந்து கேக்கறவர் மூணு பேரும் ரெண்டே ரெண்டு வாசல் வழியா வந்தா, ஒரே மாதிரி யோசிக்க மாட்டாங்களான்னு ட்ராலி தள்ளினவனுக்குக் கூட தோணும்ல.

இன்னொண்ணும் உறுத்தும். மெரிக்ஸ் கேஸ் 2016ல போட்டப்ப கேட்டது 14 பில்லியன் பவுண்ட், 4 கோடியே 60 லட்சம் பேருக்காக. கேட் முதல்ல கேஸ நடத்த முடியாதுன்னுச்சு, 2019ல அப்பீல் கோர்ட் அத மாத்துச்சு, 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் அப்பீல் கோர்ட் சொன்னதையே உறுதி பண்ணுச்சு. (தீர்ப்பு வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி அஞ்சு ஜட்ஜுல ஒருத்தர், லார்டு கெர், இறந்துட்டார். மீதி நாலு பேர் ரெண்டுக்கு ரெண்டா பிரிஞ்சு நின்னாங்க, மறுபடி முதல்ல இருந்து விசாரிக்கிற நெலம வரக்கூடாதுன்னு எதிர்க்கருத்து சொன்ன ரெண்டு பேர் விட்டுக்கொடுத்தாங்க. உங்க மூட் கோர்ட்ல இத சொல்லுங்க, ஜட்ஜ் நிமிந்து உக்காருவார்.) கடைசில எவ்ளோக்கு முடிஞ்சுச்சு தெரியுமா, 200 மில்லியன். கேட்டதுல நூத்துல ஒண்ணரை பங்கு கூட இல்ல. அதுலயும் மக்களுக்குன்னு ஒதுக்கினது பாதி, ஆளுக்கு அதிகபட்சம் 70 பவுண்ட். கேஸுக்குப் பணம் போட்ட ஃபண்டர் கம்பெனியே இது பத்தாதுன்னு செட்டில்மென்ட்ட எதிர்த்துச்சு. எட்டு ஒம்போது வருஷம் ரெண்டு பக்கமும் நின்ன வக்கீலுங்க ஃபீஸு, தோத்தாலும் ஜெயிச்சாலும், மேன்ஷன் வாடகை மாதிரி கரெக்டா வந்துட்டுதான் இருந்திருக்கும். உங்க கோவத்த வேஷத்து மேல காட்டாதீங்க, இந்த மீட்டர் மேல காட்டுங்க.

எது டாப்னு கேட்டீங்க. வக்கீல்களுக்கு ரேங்க் போடுற டைரக்டரிகள்ல காம்படிஷன் லான்னா ப்ரிக் கோர்ட்டும் மாங்க்டனும் தான் உச்சி, பிளாக்ஸ்டோன் பக்கத்துலயே. அதுல ஒரு டைரக்டரி பேரே சேம்பர்ஸ்னுதான் ஆரம்பிக்கும், சேம்பர்ஸ்ல எந்த சேம்பர்ஸ் டாப்னு நான் ஆபீஸ்ல கேட்டு அசடு வழிஞ்சிருக்கேன். ப்ரிக் கோர்ட் இருக்கறது எசெக்ஸ் ஸ்ட்ரீட், ஸ்ட்ராண்டுல இருந்து ஆத்துப் பக்கம் இறங்குற தெரு. மாங்க்டன் இருக்கறது கிரேஸ் இன்னு பாரிஸ்டருங்களோட பழைய சங்கம் ஒண்ணோட வளாகத்துல, ரேமண்ட் பில்டிங்ஸ்ல 1, 2. வால்டர் மாங்க்டன்ங்கறவர் பேர வச்ச சேம்பர்ஸ் அது. எட்டாம் எட்வர்டு முடிய துறந்தப்ப பக்கத்துல இருந்த வக்கீல், நம்ம ஹைதராபாத் நிஜாமுக்கும் 1947, 48ல சட்ட ஆலோசகர். அதே 1ஆம் நம்பர்லதான் சார்லஸ் டிக்கன்ஸ் சின்ன வயசுல ஒரு வக்கீல் ஆபீஸ்ல எடுபிடியா இருந்தார்னு சொல்வாங்க, ஜன்னல்ல இருந்து கீழ போறவங்க தொப்பி மேல செர்ரிக் கொட்டைய போடுவாராம். அம்பேத்கர் பாரிஸ்டர் பட்டம் வாங்கினதும் இதே கிரேஸ் இன்ல, 1922. நான் ட்ராலிய ஓரங்கட்டிட்டு அந்தத் தோட்டத்து பெஞ்சுல உக்காந்து தயிர் சாதம் சாப்பிட்டிருக்கேன், அந்த ஏரியாவ பத்தி எனக்குத் தெரிஞ்ச முக்கியமான விஷயம் அதுதான்.

விக்கு. கிரிமினல் கேஸ் நடக்குற கிரவுன் கோர்ட்டுல உண்டு, கேட்ல கிடையாது. கவுனும் கிடையாது. கென்ட் கேஸ் விசாரணையோட டிரான்ஸ்கிரிப்ட் ட்ரிப்யூனல் வெப்சைட்லயே ஃப்ரீயா கிடைக்கும், புத்தகம் வாங்கறதுக்கு முன்னாடி முதல் நாள் ஓப்பனிங்க படிங்க, ஹாஸ்கின்ஸ் பேசுறதயும் அதுக்கு டிமெட்ரியூ பதில் சொல்றதயும். நேரலையும் போடுவாங்க. ஆனா வெள்ளை முடியும் சுத்தியல் சத்தமும் எதிர்பார்த்துட்டு வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு டிவில போட்டுறாதீங்க. கோட்டு போட்ட பத்து இருவது பேரு, மேசைக்கு ரெண்டு லேப்டாப்பு, ஒரு தண்ணி ஜாடி, அரை மணி நேரமா ஒரு எக்ஸெல் டேபிள்ல மூணாவது காலத்த பத்திப் பேசிட்டு இருப்பாங்க.