பசையைத் திட்டாதீர்கள்: கல் பதிப்பு கேள்வி-பதில்

கே: கொட்டாங்குச்சிப் பதக்கத்தில் 5 மி.மீ. முனைக்கல் (அடி கூராக முடியும் கல்) வைக்கலாமா? (பட்டுக்கோட்டை)

ப: குழி அந்தப் பக்கம் வந்துவிடும். முனைக்கல்லின் ஆழம் அகலத்தில் சுமார் 60 சதவீதம். 5 மி.மீ. கல்லுக்கு 3 மி.மீ. ஆழம் வேண்டும், கொட்டாங்குச்சியை இருபுறமும் தேய்த்த பிறகு மிஞ்சுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். 3 மி.மீ. கல்லோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் அடி தட்டையான கல் வாங்குங்கள்.

கே: மரத்தோட்டில் கல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. நல்ல பசை எது? (கும்பகோணம்)

ப: எந்த மரம், என்ன கல், எத்தனை மி.மீ., எதுவும் எழுதாமல் பசை பெயர் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? வருகிற கடிதங்களில் பாதி இப்படித்தான். பசையை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள், குழியைப் பார்ப்பதில்லை. கல்லைப் பிடிப்பது குழி. பசை அதற்குத் துணை.

முதலில் மரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பலாத்துண்டு ஈரம் குடித்து உப்பியிருக்கும். அப்போது குடைந்த வட்டக் குழி பங்குனி வெயிலில் நாருக்குக் குறுக்கே சுருங்கி முட்டை வடிவமாகும். கல் நெம்பி எழும். துண்டை நகைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுங்கள். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் குடையலாம்.

அடுத்தது குழி. 3 மி.மீ. முனைக்கல்லுக்கு முதலில் 0.8 மி.மீ. ஊசித்துளை, பின்பக்கம் வரை. அதன்மேல் 3 மி.மீ. பர் (டிரிலில் மாட்டிக் குழி குடையும் முனை). கல்லின் அகன்ற விளிம்பு மரமட்டத்துக்குக் கால் மி.மீ. கீழே உட்காரும்வரை இறக்குங்கள். டிரில் மெதுவாக ஓடட்டும். வேகம் கூடினால் குழியின் சுவர் கருகும், கருகலில் பசை நிற்காது. தூசியை ஊதி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். எபாக்சிப் பசையின் இரண்டு குழாயையும் சரிபாதி கலந்து, கடுகில் பாதியளவு பல்குச்சி நுனியில் எடுத்துச் சுவரில் தடவுங்கள். கல்லை அழுத்தும்போது அடியில் சிக்கிய காற்றும் மிஞ்சிய பசையும் ஊசித்துளை வழியாகப் பின்னால் பிதுங்கும். துளை போடாவிட்டால் அந்தக் காற்றே கல்லைத் தூக்கும். காலையில் பார்த்தால் கோணிக்கொண்டு நிற்கும். 24 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு குண்டூசியால் நெம்பிப் பாருங்கள். நீங்கள் நெம்பாவிட்டால் வாங்கியவர் நெம்புவார். எண்ணெய் மெருகு, கல் பதித்து எல்லாம் முடிந்த பிறகுதான்.

கே: ஒரு சொட்டில் ஒட்டும் பசை போட்டேன். கல்லைச் சுற்றி வெள்ளை படர்ந்துவிட்டது. (திருவாரூர்)

ப: பசையின் ஆவி படிந்தது. நம்மூர் ஈரக்காற்றில் இது அதிகம். அசிட்டோனால் துடைத்தால் கண்ணாடிக் கல்லின் பின்பூச்சும் போய்விடும். கல்லைக் கழற்றிவிட்டு மேலே சொன்னபடி செய்யுங்கள். எபாக்சி, 24 மணி நேரம்.

கே: தஞ்சாவூர் ஓவியத்தில் கல் ஒட்டும் சுண்ணப்பொடிக் கலவை மரப்பதக்கத்துக்கு ஆகுமா? (தஞ்சாவூர்)

ப: ஓவியம் கண்ணாடிக்குள் சுவரில் தொங்குகிறது, அதற்கு வியர்வை கிடையாது. கழுத்தில் போட்டால் அந்தக் கலவை ஊறி, விரிந்து, உதிரும்.

கே: கருங்காலி மணியில் குழியைக் கொஞ்சம் சிறிதாக்கி, கல்லை இறுக்கி அடித்தால் பசையே வேண்டாமல்லவா? (மன்னார்குடி)

ப: மணி இரண்டாகும். மென்மரம் விட்டுக்கொடுக்கும், கருங்காலி கொடுக்காது. கல்லளவுக்கே குடைந்து எபாக்சி வையுங்கள். எண்ணெய் பூசிய மணியை வாங்கியிருந்தால் முதலில் ஸ்பிரிட்டால் நன்றாகத் துடையுங்கள்.

கே: பாட்டியின் தந்த வளையலில் கல் பதித்து விற்கலாமா? (நாகப்பட்டினம்)

ப: கூடாது. தந்த விற்பனை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மான்கொம்புக்கும் இதே பதில், கேட்டு எழுத வேண்டாம்.

கே: நெட்டித் தோட்டில் கல் வைத்தால் அமுங்கிப் போகிறது. (திருவையாறு)

ப: நெட்டி நீர்ச்செடித் தண்டு, விரல் பட்டாலே குழியும் பொருள் அது. கல்லை அழுத்தாதீர்கள். புது பிளேடு முனையால் 2 மி.மீ. தட்டைக்கல்லுக்கு அரை மி.மீ. ஆழம் சீவி எடுங்கள். நீர்த்த பசையை நெட்டி உறிஞ்சிவிடும், கல்லடியில் ஒன்றும் மிஞ்சாது. கெட்டியான பசையைக் கல்லின் அடியில் தடவி, சாமணத்தால் எடுத்து வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஓரத்திலிருந்து 3 மி.மீ.யாவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஓரம் பிய்யும்.