ஸ்பிண்டில் பேரிங் சூடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் சி.என்.சி. லேத்தின் ஸ்பிண்டில் (சுழலும் முதன்மைத் தண்டு) மிகவும் சூடாகிறது. பேரிங்கை மாற்றிவிடலாமா?

பதில்: எத்தனை ஆர்.பி.எம்., எவ்வளவு நேர ஓட்டம், எத்தனை டிகிரி என்ற மூன்றையும் எழுதாமல் 'மிகவும் சூடு' என்று மட்டும் எழுதினால் எவராலும் விடை சொல்ல இயலாது. முன்பக்க ஹவுசிங்கில் (பேரிங் அமர்ந்திருக்கும் வெளிக்கூடு) 50 டிகிரி என்பது கைக்குச் சுடும். ஆனால், அங்கேயே நிலைத்து நின்றால் பேரிங்கிற்கு அது இயல்பான சூடுதான். கையை வைத்துப் பார்க்காமல் அளந்து எழுதுங்கள்.

கேள்வி: புதிய ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்குகளில் (பக்கவாட்டு அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்கும் உருண்டை பேரிங்) கிரீஸை நிறைய அடைத்துப் பொருத்தினோம். 3,000 ஆர்.பி.எம்.மில் அரை மணி நேரத்தில் 75 டிகிரி. பேரிங் போலியா?

பதில்: பேரிங்கின் மீது பழி போடாதீர்கள், கேள்வியிலேயே காரணத்தை எழுதியிருக்கிறீர்கள். கிரீஸ் கூடினால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கையால், விலை உயர்ந்த ஜோடி பேரிங்குகள் ஒரே நாளில் நீலம் பாய்ந்து போனதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். ஸ்பிண்டில் பேரிங்கின் காலி இடத்தில் கால் பங்கு நிரம்பினால் போதும். வேகம் கூடினால் அதிலும் குறைவு. மிஞ்சிய கிரீஸை உருண்டைகள் ஓயாமல் கடைவதால் சூடு பிறக்கிறது. வெளி வளையம் தன் சூட்டை ஹவுசிங்கிற்குக் கொடுத்துவிடும். உள் வளையத்திற்கு அந்த வழி குறைவு என்பதால் அது அதிகம் விரிந்து, பிரீலோடு (உருண்டைகளை வளையங்களுக்கிடையே இறுக்கி வைக்கும் அழுத்தம்) ஏறி, உராய்வும் ஏறி, அதனால் மேலும் சூடாகும். இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் தானாக நிற்பது அரிது. பேரிங்கைக் கழற்றிக் கழுவி, சிரிஞ்சில் அளந்து கிரீஸ் வையுங்கள். பிறகு மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் வெப்பநிலை ஏறி இறங்கி நிலைத்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள். 60 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் ஆகலாம். ஆர்டர் எவ்வளவு அவசரமானாலும் அந்த ஒரு நாளைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: மில்லிங் மெஷினில் காலையில் சரியாக இருக்கும் பாக்கெட் (வேலைப்பொருளில் வெட்டும் குழி) ஆழம் மதியம் கூடிவிடுகிறது.

பதில்: ஸ்பிண்டில் சூடேறி நீள்வதுதான் காரணம். எஃகு மீட்டருக்கு, டிகிரிக்கு, ஏறத்தாழ 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளும். முன் பேரிங்கிலிருந்து கட்டர் முனை வரை 200 மில்லிமீட்டர், 15 டிகிரி ஏற்றம் என்று கொண்டால் 36 மைக்ரான் ஆகிறது. ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்டின் விரிவு தனி. வேலை செய்யும் வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு ஆஃப்செட் (கட்டர் நீளத்துக்கான அளவு) எடுங்கள்.

கேள்வி: செராமிக் உருண்டை போட்டால் சூடு குறையுமா?

பதில்: குறையும். அதன் எடை எஃகு உருண்டையில் பாதிக்கும் கீழே. ஆனால், 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் ஸ்பிண்டிலுக்கு அந்தச் செலவு வீண்.

கேள்வி: பழைய கிரீஸின் மேலேயே வேறு வகை கிரீஸ் வைக்கலாமா?

பதில்: கூடாது. முழுவதும் கழுவிவிட்டு வையுங்கள். அதுவும் கால் பங்குதான்.