அரிசியை நிறுத்திய பிறகும் சர்க்கரை ஏன் குறையவில்லை?

கேள்வி: எனக்கு வயது 54. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளும், தைராய்டு குறைபாட்டுக்கு 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். நான்கு மாதங்களாக அரிசியை அடியோடு நிறுத்திவிட்டு, காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் சாமை அல்லது வரகுச் சோறு, இரவில் தினை தோசை அல்லது கம்பு அடை என மூன்று வேளையும் சிறுதானியமே சாப்பிடுகிறேன். ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.8-லிருந்து 7.9 ஆகியிருக்கிறது. வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டன. போன மாதம் உறவினர் கொடுத்த வரகைச் சமைத்துச் சாப்பிட்ட அன்று எனக்கும், சர்க்கரை நோய் இல்லாத என் கணவருக்கும் தலைசுற்றலும் வாந்தியும் ஏற்பட்டன. கம்பு தைராய்டுக்கு ஆகாது என்று மகள் வேறு சொல்கிறாள். சிறுதானியத்தை விட்டுவிடலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: அன்புள்ள வாசகி, நீங்கள் கடைசியில் எழுதியுள்ள வரகு விஷயத்தையே நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு மட்டும் தலைசுற்றியிருந்தால், கிளிமிபிரைடு மாத்திரையால் ஏற்பட்ட தாழ்சர்க்கரை என்றே முதலில் நினைத்திருப்பேன். அதே சோற்றைச் சாப்பிட்ட, சர்க்கரை நோய் இல்லாத உங்கள் கணவருக்கும் அதே தொல்லை வந்திருப்பதால், சந்தேகம் தானியத்தின் மீதே விழுகிறது. அறுவடை நேரத்தில் மழையில் நனைந்தோ, ஈரம் காயாமல் மூட்டை கட்டப்பட்டோ இருக்கும் வரகில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து, சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நச்சை உண்டாக்கக்கூடும். ஊர்ப்பக்கம் கிறுக்கு வரகு என்று பெரியவர்கள் ஒதுக்கிவைப்பது இதைத்தான். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் வரகு மேய்ந்த பத்து யானைகள் அடுத்தடுத்து இறந்தபோது, அவற்றின் உடற்கூறுகளில் இந்த நச்சு கண்டறியப்பட்டது. மனிதர்களுக்கு மயக்கம், வாந்தி, நடுக்கம், மிகுந்த தூக்கம் ஆகியவை வரலாம். கழுவினாலும் வேகவைத்தாலும் இந்த நச்சு போய்விடும் என்று நம்ப முடியாது. ஆகவே வீட்டில் மீதமிருக்கும் அந்த வரகைக் கொட்டிவிடுங்கள். மாட்டுக்கோ கோழிக்கோ வைக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த, பூசண வாடையோ நிறமாற்றமோ இல்லாத வரகைப் பிறகு தாராளமாக வாங்கிச் சாப்பிடலாம், ஏனெனில் குற்றம் வரகினுடையது அன்று, அதைக் காயவைத்த விதத்தினுடையது.

இனி சர்க்கரைக்கு வருவோம். சிறுதானியத்தில் மாவுச்சத்து இல்லை என்பது போன்ற ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அந்த எண்ணம் இன்னும் வலுத்துவிட்டது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்தும், சாமையிலும் வரகிலும் ஏறத்தாழ 66 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. ஆற்றலோ அரிசியில் 356 கலோரி என்றால் சாமையில் 346 கலோரி. நார்ச்சத்தில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, சாமையில் 7 கிராமுக்கும் மேல், கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம். ஆக, அரிசி நல்லதல்ல, சாமை நல்லது என்று சொல்லிக்கொண்டு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் கணக்கு அரிசியின் கணக்காகவே முடிந்துவிடும். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் செய்வதும் இதைத்தான் என்பதால், நீங்களும் செய்திருப்பீர்கள் என்று துணிந்து ஊகிக்கிறேன்.

அளவைத் தவிர, தானியத்தின் உருவமும் முக்கியம். கொல்லிமலைச் சாமையை மலைக்காரர்கள் உரலில் குத்திப் புடைக்கும்போது மேலுமி மட்டுமே நீங்கும். தவிடு ஒட்டிக்கொண்டிருப்பதால் சாமையரிசி மங்கலான பழுப்பு நிறத்தில் இருக்கும். இயந்திரத்தில் மீண்டும் தீட்டப்பட்டுப் பளபளவென்று வெண்மையாக வரும் சாமையில், நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைத்த நார்ச்சத்தின் பெரும்பகுதி தவிட்டோடு போயிருக்கும். தவிட்டில் எண்ணெய்ச்சத்து இருப்பதால் தீட்டாத சாமையரிசி விரைவில் சிக்குவாடை அடிக்கும். கடைக்காரர்கள் தீட்டிய சாமையை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு பிடி சாமையை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள்: எல்லா மணிகளும் ஒரே வெள்ளையாக ரவைபோல் இருந்தால் அது தீட்டியது; பழுப்பும் சாம்பலுமாகக் கலந்திருந்து, தேய்த்தால் விரலில் மெல்லிய தவிட்டுத்தூள் ஒட்டினால் அதை வாங்குங்கள், ஆனால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கம்பு மாவு இதைவிட விரைவில் கசந்துவிடும் என்பதால் அதை வாராவாரம் அரைப்பதே நல்லது.

உங்கள் காலைக் கஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நைசாக அரைத்த கேழ்வரகு மாவை நீர்க்கக் காய்ச்சிக் குடிக்கும்போது மெல்லும் வேலையே இல்லை. மாவுத்துகள் முற்றிலும் வெந்து குழைந்திருப்பதால் குடலில் விரைவாகச் செரித்து, சர்க்கரை வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. அதில் வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ சேர்த்திருந்தால் மற்றவற்றை நான் சொல்லவே தேவையில்லை. அதே கேழ்வரகைக் கொரகொரப்பாக அரைத்து முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையச் சேர்த்த அடையாகவோ, கீரைக் கடைசலும் கொள்ளுக் குழம்பும் வைத்துக்கொண்டு சிறிய களி உருண்டையாகவோ சாப்பிட்டால், பருப்பிலும் காயிலும் உள்ள நாரும் புரதமும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். கூழ் வேண்டுமென்றால் முதல்நாள் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சி, ஆறவிட்டு, மோரில் கரைத்துக் குடியுங்கள். அதில் போடும் நொய்யும் அரிசிதான் என்பதை மறக்க வேண்டாம்.

அளவுக்கு ஒரு சிறிய சமையலறைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். மதியச் சோற்றுக்கு உங்களுக்கு 50 முதல் 60 கிராம் சமைக்காத சாமை போதும். அதில் ஏறத்தாழ 33 முதல் 39 கிராம் மாவுச்சத்து இருக்கும். கல் அரித்துக் களைந்த பிறகு அரை மணி நேரமாவது ஊறவையுங்கள், ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்துப் பொலபொலவென்று வடித்தாற்போல் வேகவிடுங்கள். குக்கரில் ஐந்தாறு விசில் விட்டுக் குழைத்துவிட்டால் மீண்டும் கஞ்சியின் கதைதான். தட்டில் சோற்றைப்போல் இருமடங்கு காய்கறி இருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: கிளிமிபிரைடு எடுத்துக்கொண்டே உணவின் அளவைச் சட்டென்று பாதியாக்கினால் தாழ்சர்க்கரை வரலாம், ஆகவே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, குளூக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டே குறையுங்கள். வியர்வையும் படபடப்பும் வந்தால் அந்த நேரத்தில் சிறுதானியம் உதவாது, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

வயிற்று உப்புசத்துக்கு, பழக்கமில்லாத குடலில் ஒரே நாளில் மூன்று வேளையும் சிறுதானியத்தை இறக்கியது காரணமாக இருக்கலாம். மெட்ஃபார்மினும் உப்புசம் தரும். ஒரு வேளையாகக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மலச்சிக்கல்தான் என்னை யோசிக்க வைக்கிறது. நாரைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டாலும் அது வரும், தீட்டிய சாமையாலும் வரும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் வரும். நீங்கள் தைராக்ஸின் விழுங்கிய எவ்வளவு நேரத்தில் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியிலோ 8 மில்லிகிராம்கூட இல்லை. எலும்புக்கு அது மிக நல்லது. ஆனால் கால்சியமும் நாரும் தைராக்ஸின் மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தடுக்கக்கூடியவை. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபி உட்பட எதையும் ஒரு மணி நேரம் தொடாதீர்கள். கேழ்வரகை மாலைக்கோ இரவுக்கோ மாற்றிவிடுங்கள். தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனையை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கம்பில் உள்ள ஃப்ளேவனாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்களில் சில, தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதைத் தடுக்க வல்லவை. அயோடின் குறைந்த பகுதிகளில் மூன்று வேளையும் கம்பையே உண்டு வாழ்பவர்களுக்கு அது சிக்கலாகலாம். அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துபவரும், ஹார்மோனையே மாத்திரையாக விழுங்குபவருமான நீங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் கம்பு அடை சாப்பிடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே சிறுதானியத்தை விட வேண்டாம், மூன்று வேளையும் அதுவே என்ற பிடிவாதத்தை விடுங்கள். ஒரு நாள் 60 கிராம் சாமையும், மற்றொரு நாள் அதே அளவு கைக்குத்தல் அரிசியும் சமைத்து, அதே காய்கறி, அதே பருப்போடு சாப்பிட்டு, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து எழுதி வையுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் அந்த எண் 180-ஐத் தொடர்ந்து தாண்டினால், இனி மாற்ற வேண்டியது தானியமா மாத்திரையா என்பதை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் உங்கள் மருத்துவர் சொல்ல முடியும். டிஎஸ்எச் அறிக்கையோடு அதையும் எடுத்துச் செல்லுங்கள்.