முத்துச்சரச் செடி பாலைவனச் செடிதானே, பிறகு ஏன் வெயிலில் கருகுகிறது?

நர்சரிகளில் ‘ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்’ என்று சின்னத் தொட்டியில் தொங்கவிட்டு விற்கிறார்களே, அதைத்தான் மதுரை மொட்டைமாடியில் மாட்டி வைத்திருக்கிறீர்கள். உருண்டைகள் வெளுத்துச் சுருங்குகின்றன, பாலைவனச் செடிக்கு வெயில் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக இதை வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வறட்சி அதற்குப் பழக்கம்தான். உச்சி வெயில் பழக்கமில்லை.

இதன் ஊர் தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்து வறண்ட நிலம். அங்கே இது எதிலிருந்தும் தொங்குவதில்லை. புதர்களின் அடியிலும் பாறை இடுக்கிலும் தரையோடு தரையாகப் படர்கிறது. தண்டு மண்ணைத் தொடும் இடத்திலெல்லாம் வேர் விட்டு, பாய் விரித்த மாதிரி பரவும். பக்கத்தில் இருக்கிற புதர்தான் அதற்குக் குடை. தொங்கும் சரம் என்பது நாம் அழகுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

ஓர் உருண்டையைக் கண்ணருகில் வைத்துப் பாருங்கள். அது காய் இல்லை, இலை. நுனியில் சின்னதாக ஒரு முள் போன்ற கூர் இருக்கும் (குத்தாது). ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் மெல்லிய கோடு ஓடும். கோள வடிவத்தில் கொள்ளளவுக்குப் பரப்பு மிகக் குறைவு, அதனால் நீர் ஆவியாவதும் குறைவு. ஆனால் பரப்பு குறைந்தால் வெளிச்சம் பிடிப்பதும் குறையுமே? அதற்குத்தான் அந்தக் கோடு. அது ஜன்னல். அதன் வழியே வெளிச்சம் உள்ளே இறங்கி, இலைக்குள் இருக்கிற பச்சையத்தைத் தொடுகிறது. இப்படி ஜன்னல் வைத்துச் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தும் செடியை நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்?

காலை வெயில் கொஞ்சம் படட்டும். பத்து மணிக்கு மேல் நிழல்வலைக்கு அடியிலோ கிழக்குப் பார்த்த பால்கனியிலோ இருக்கட்டும். தொட்டியின் மேல்மண்ணில் வெளிச்சம் விழ வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பலர் உத்தரத்தை ஒட்டி உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். கீழே சரம் அழகாகத் தொங்கும், மேலே தலை வழுக்கையாகிவிடும். அப்படி ஆனால் நீளமான சரத்தை வெட்டி, மண்மேல் வட்டமாகச் சுற்றி வையுங்கள். கணுக்களில் வேர் பிடித்துக்கொள்ளும்.

வெயிலைவிட இதை அதிகம் கொல்வது தண்ணீர். வேர் ஆழம் போகாது, எனவே ஆழமில்லாத மண்தொட்டி போதும். நர்சரியில் வெறும் தென்னைநார்த் தூளில் வைத்துக் கொடுப்பார்கள், அதை உதிர்த்துவிட்டு பாதிக்கு மேல் பருமணலோ பெர்லைட்டோ (லேசான வெள்ளைக் கல்துகள்) கலந்த மண்ணுக்கு மாற்றுங்கள். கிழமை பார்த்து ஊற்ற வேண்டாம், ஜன்னலைப் பார்த்து ஊற்றுங்கள். தாகம் எடுத்தால் அது வெறும் கீறலாகக் குறுகிவிடும். மண் ஈரமாக இருந்தும் உருண்டை சுருங்கினால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போது தண்ணீர் ஊற்றுவது எரிகிற தீயில் எண்ணெய். ஐப்பசி, கார்த்திகையில் கூரைக்கு அடியில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இது கள்ளி வகை இல்லை என்பது பூத்தால்தான் பலருக்குப் புரிகிறது. சூரியகாந்தி, சாமந்தியின் குடும்பம். ஒரு பூ என்று நாம் நினைப்பது குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்களின் கொத்து. சுற்றிலும் இதழ் கிடையாது. மூக்கருகில் கொண்டுபோனால் லவங்கப்பட்டை வாசம். 1968-ல் ஜெர்மானியரான ஹெர்மன் யாக்கப்சன் இதற்கு செனேசியோ ரௌலியானஸ் என்று பெயரிட்டார், கார்டன் ரௌலி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளரைச் சிறப்பிக்கும் விதமாக. இப்போது குரியோ ரௌலியானஸ் என்கிறார்கள். நர்சரிக்காரரிடம் இரண்டில் எதைச் சொன்னாலும் விழிப்பார், ‘முத்து’ என்றால் எடுத்துக் கொடுப்பார்.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். பார்க்கப் பச்சைப் பட்டாணி மாதிரியே இருக்கும், ஆனால் நச்சுச் செடி.