அம்மாவின் கண் தப்பாது

கேள்வி: எனக்கு வயது 41. கும்பகோணத்தில் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பது தொழில். அப்பா 1974 முதல் 2006 வரை இங்கே ஸ்டூடியோ வைத்திருந்தார். இப்போது அவர் இல்லை. காவிரிக்கரை ஊர்களில் மூடிக்கிடக்கும் பழைய ஸ்டூடியோக்களை நான்கு வருடமாகப் படமெடுத்து வருகிறேன். இன்னும் பத்து வாரத்தில் எங்கள் ஊரில் ஒரு கலைக் கண்காட்சி. அதில் 'அப்பாவின் உலகம்' என்ற தலைப்பில் 30 படங்கள் வைக்க ஆசை. பிரிண்ட் ஒன்றுக்கு 1,400 ரூபாய், பிரேமுக்கு 900. மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்றால் அவள் முகம் கொடுத்துப் பேச மறுக்கிறாள். நிறத்திலும் சிக்கல். முதலில் போட்ட நான்கு பிரிண்டுகளைப் பார்த்து அம்மா, 'எல்லாம் பழுப்பாக இருக்கிறதே' என்றார். அந்தக் காலத்தில் அப்பாவுக்கு, நெகட்டிவைப் பென்சிலால் திருத்தும் டச்சிங் வேலையில் உதவியாக இருந்தவர், அவர் கண் தப்பாது. லேப்காரரும் மனைவியும் நிறம் சரி என்றார்கள். ஆனாலும் நீலத்தைக் கூட்டி இரண்டு முறை மறுபடி அச்சிட்டேன். இன்னும் பழுப்பு என்கிறார். திரையின் நிறத்தைச் சரிபார்க்கும் கருவி ஒன்று வாங்கிவிடலாமா? செலவு கையைக் கடிக்கிறது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதைக்கூடக் கண்காட்சி முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். 30 படங்களையும் வைப்பதா, குறைப்பதா? பிரேமுக்குக் கண்ணாடி போடலாமா? மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்:

தம்பி, கருவி எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் திரை சரியாகத்தான் இருக்கிறது.

கடிதத்தை இன்னொரு முறை நீங்களே படித்துப் பாருங்கள். அம்மா 'பழுப்பாக இருக்கிறதே' என்ற வரிக்கும், அம்மாவுக்குக் கண்ணில் புரை என்ற வரிக்கும் நடுவே ஏழெட்டு வாக்கியம்கூட இல்லை. இரண்டையும் எழுதியது ஒரே கை. மேகம் மறைத்தால் வெளிச்சம் எத்தனை குறையும் என்று கணக்குப் போட்டுப் பிழைக்கிற ஆள் நீங்கள். இந்த இரண்டு வரியை முடிச்சுப் போடத் தெரியவில்லையா, அல்லது போட்டால் செலவு வந்துவிடும் என்று தள்ளிப் போனீர்களா?

'என் கலை வீட்டில் யாருக்கும் புரியவில்லை' என்ற ராகத்தில் எனக்கு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. பாட்டு, நாடகம், கவிதை, இப்போது போட்டோ. முதுகில் தட்டிக்கொடுத்து நாலு வார்த்தை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு உங்களுக்கு நண்பர்கள் இருப்பார்கள். நான் பழுப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

புரை என்றால் கண்ணுக்கு மேலே ஏதோ படலம் படர்வது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மங்குவது விழிக்குள்ளே இருக்கும் வில்லைதான், உங்கள் பாஷையில் லென்ஸ். வயதாக ஆக அது மஞ்சளடித்து, பிறகு பழுப்பேறும். நீல ஒளியை உள்ளே விடாது. வருடக் கணக்கில் மெதுவாக நடப்பதால் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. வேட்டி சரியாக வெளுக்கவில்லை, ட்யூப்லைட் மங்கிவிட்டது என்று வெளியே குற்றம் தேடுவார். ஓவியர் மோனேக்கு 1912-ல் புரை என்று சொல்லிவிட்டார்கள். பயந்துகொண்டு பத்து வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். அந்த ஆண்டுகளில் அவர் வரைந்த தோட்டத்தைப் பாருங்கள், செம்பழுப்பில் எரியும். நண்பர் கிளெமென்சோ விடாமல் வற்புறுத்தி, 1923-ல்தான் வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டார். அன்றைக்கு அது நாள்கணக்கில் அசையாமல் படுத்துக்கிடக்க வேண்டிய வைத்தியம். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. உங்களுக்கு என்ன இருக்கிறது?

நீங்கள் என்ன செய்தீர்கள்? அம்மாவின் கண்ணில் இருந்த பழுப்பைக் காகிதத்தில் சரிசெய்யப் பார்த்தீர்கள். நான்கு பிரிண்ட், இரண்டு முறை, 11,200 ரூபாய். கண் வைத்தியத்தைக் கண்காட்சி முடிந்து பார்க்கலாம் என்று தள்ளிவைத்த அதே நேரத்தில். அந்த இரண்டாவது, மூன்றாவது பிரிண்டுகள் மற்றவர்கள் கண்ணுக்கு நீலம் பாய்ந்து கிடக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். உங்கள் மனைவி சொல்லியிருப்பார். நீங்கள் காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

'அவரே சொல்லிவிட்டார்.' இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் உங்கள் கடிதத்தை எடுத்துத் தனியே வைத்தேன். எந்த அம்மா வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள்? என் அம்மா கடைவாய்ப் பல்லை வைத்துக்கொண்டு, அக்காவின் சீமந்தம் முடியட்டும், தம்பியின் பரீட்சை முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். 'அம்மாவே வேண்டாம் என்கிறாள்' என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். மூன்று வருடம் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டார். அது எங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் இருந்தோம். பிள்ளைகள் கணக்குப் பார்ப்பதைப் பார்த்துவிட்டால் பெற்றவள் தன் செலவைத்தான் முதலில் அடித்துவிடுவாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. பிள்ளை என்பவன் 'வேண்டாம்' என்று அம்மா சொன்ன பிறகும் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறவன். நான் பழைய காலத்து மனுஷி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 'உதவியாக இருந்தவர்'.

டச்சிங் என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என் பெண்பார்க்கும் படத்தில் மூக்கின் மேல் இருந்த அம்மைத் தழும்பை மாயவரத்து ஸ்டூடியோ ஒன்றில் இப்படித்தான் மறைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது தனிக் கதை. சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, கீழே கண்ணாடியோ வெள்ளைத் தாளோ போட்டு ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பி, உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடும் வேலை அது. முகத்தில் கறுப்பாக இருக்கும் வடு நெகட்டிவில் வெளுப்பாக, ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத்துக்குச் சமமாக அடைக்க வேண்டும். ஒரு கீற்று கூடினால் பிரிண்டில் வெள்ளைத் திட்டு விழும். கட்டைவிரல் அகல முகத்தில், கலர் வரும்வரை, வருடக் கணக்கில், தினமும். சமையலையும் உங்களையும் பார்த்துக்கொண்டு.

லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்கார ராணுவக் கேப்டன் 1858-ல் உங்கள் பக்கத்துத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். அவர் தன் நெகட்டிவ்களில் வண்ணம் தொட்டு வானத்தில் மேகம் வரைந்தவர். அதை உலகத்து அருங்காட்சியகங்கள் கலை என்று பாதுகாக்கின்றன. உங்கள் அம்மா செய்தது மட்டும் உதவி. 30 படத்துக்கும் 'அப்பாவின் உலகம்' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அந்த உலகத்தில் பென்சில் பிடித்த கை யாருடையது? ஜன்னலோர மேஜையை ஒரு படமாவது எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

இனி ஆக வேண்டியது. 'புரை முற்றட்டும்' என்று யாராவது அக்கம்பக்கத்தில் சொன்னால் கேட்காதீர்கள். அது பழைய வைத்தியத்தின் பேச்சு. இப்போது முற்றவிட்டால்தான் ஆபரேஷன் சிரமம். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துத் தேதி கொடுப்பார்கள். அறுவை அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பணம் என்று மட்டும் இன்னொரு முறை எழுதாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்து செயற்கை லென்ஸும் வைக்கிறார்கள். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதே, காசில்லை என்பதற்காக ஒருவர் கண் மங்கிக் கிடக்கக்கூடாது என்றுதான். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டு அவர் ஆயிரக்கணக்கான கண்களைத் திறந்தார். உங்களுக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுக்க முடியவில்லை.

ஒரு கண் முடித்து, சில வாரம் விட்டு அடுத்த கண். சொட்டுமருந்து ஒரு மாதத்துக்கு மேல் போகும். ஆரம்பத்தில் பகலில் பல தடவை போட வேண்டும். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனிந்து குடம் தூக்கக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது. சொட்டுமருந்து போடுவது உங்கள் வேலை, மருமகள் தலையில் கட்டிவிட்டு முகூர்த்தத்துக்குப் போகக்கூடாது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துக் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடிக்குப் பவர் பார்ப்பார்கள். உங்கள் கையில் பத்து வாரம் இருக்கிறது. இந்த வாரமே போனால் கண்காட்சிக்கு முன் ஒரு கண்ணாவது தெளிந்திருக்கும்.

சரி, படங்கள். முப்பது வேண்டாம், 14 போதும். மூடிக்கிடக்கும் ஸ்டூடியோ என்றால் உரித்துத் தொங்கும் பின்திரை, அதில் மாடிப்படியும் நிலவும், முன்னால் கைப்பிடி உடைந்த நாற்காலி. நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரிகிறது. ஐந்தாவது திரையோடு பார்க்கிறவர் நடையைக் கட்டிவிடுவார். ஒன்றைப் போலவே இன்னொன்று இருந்தால் பலவீனமானதை எடுத்துவிடுங்கள், எவ்வளவு தூரம் பஸ் பிடித்துப் போய் எடுத்ததாக இருந்தாலும். இன்னொன்று: அந்த ஸ்டூடியோக்களில் கிடந்த யாருடைய கல்யாண நெகட்டிவையாவது படத்தில் காட்டுகிறீர்கள் என்றால் கடைக்காரர் குடும்பத்தைக் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். அவை உங்கள் அப்பாவின் உலகம் அல்ல, யாரோ ஒருவர் வீட்டுச் சொத்து.

கண்ணாடி போடலாம். ஆனால் பிரிண்ட் கண்ணாடியில் படக்கூடாது. காவிரிக்கரை ஈரத்தில் இரண்டு மழைக்குள் காகிதம் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். நடுவில் ஜன்னல் வெட்டிய மவுன்ட் அட்டை, அமிலமில்லாததாகப் பார்த்து வையுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57, 58 அங்குலத்தில் நிற்கட்டும். கண்காட்சிக் கூடத்துக்கு முந்தைய நாளே போய் எந்த ட்யூப்லைட் எந்தக் கண்ணாடியில் விழுகிறது என்று பாருங்கள். மாட்டுவதற்கு உங்கள் ஊர்க் கவின்கலைக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிடலாம், டிபன் வாங்கிக் கொடுங்கள்.

மனைவியைச் சம்மதிக்க வைக்க வழி கேட்டிருக்கிறீர்கள். வழி சொல்ல மாட்டேன். சங்கிலி அவர் கழுத்தில் இருக்கட்டும். முப்பது படத்துக்கு 69,000 ஆவது 14 படத்துக்கு 32,200 ரூபாயில் முடிகிறது. கருவிக்கு ஒதுக்கிய பணமும் கையில் நிற்கிறது. மிச்சத்துக்கு அடுத்த கல்யாண சீசன் வரை லேப்காரரிடம் தவணை கேளுங்கள், அப்பா காலத்துப் பழக்கம் இல்லாமலா போகும்? நிறம் சரி என்று சொன்னவர் அந்தப் பெண். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் 11,200 மிஞ்சியிருக்கும். முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதற்கு அடகு மட்டும்தான் காரணமா என்று நீங்களே யோசியுங்கள்.

கெட்டுப்போன பிரிண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் போட்டவை, நீலம் கூட்டியவை, இன்னும் கூட்டியவை, மூன்று கட்டுகளையும் பீரோவில் வையுங்கள். அம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டதும், ஒரு நாள் காலையில், வெயில் நேராக விழாத ஜன்னலோரமாக உட்காரவைத்து, எது எப்போது அச்சிட்டது என்று சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். ஒரு பென்சிலும் கொடுங்கள். எதன் பின்புறத்தில் அவர் குறி போடுகிறாரோ, அந்த நிறத்தில் பாக்கிப் பத்தையும் அச்சுக்கு அனுப்புங்கள். பிரேம்காரருக்கு அப்புறமும் போதிய நாள் இருக்கும். அதுவரை இன்னொரு பிரிண்ட் போடாதீர்கள்.