தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தாம்பரம், அந்தப் பக்கம் ஒரு தாம்பரம்

கேள்வி: வேலைக்காகத் தாம்பரம் பக்கம் குடிவரப் போகிறேன். சென்னையின் வால் மாதிரிதானே இந்த ஊர்? இதற்கென்று தனியாக வரலாறு, நில அமைப்பு என்று ஏதாவது உண்டா?

வால் என்று நீங்கள் சொன்னதும் ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. 1989-இல் நாங்கள் மேற்குத் தாம்பரத்துக்குக் குடிவந்தபோது எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. ஊர் என்றால் பீச் ஸ்டேஷனும் மவுண்ட் ரோடும். தாம்பரம் என்றால் யூனிட் ட்ரெயின், அதாவது புறநகர் மின்சார ரயில், நின்று போகிற கடைசி இடம். அவ்வளவுதான்.

முதலில் பழமை. இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் செம்மண் சரளைக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கையால் செதுக்கப்பட்ட கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அடையாளம் காணப்பட்ட முதல் சான்றே அந்தக் கல்தான். அந்த நாளில் ஐரோப்பாவிலேயே இப்படிப்பட்ட கற்கள் ஆதி மனிதன் செய்தவைதானா என்ற சண்டை ஓய்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த சில மாதங்களில் அவரும் கூட்டாளி வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கம் போய், அங்கேயும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பேரும் புகழும் அந்த ஊருக்குப் போய்விட்டது. பல்லாவரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற பத்துப் பேரிடம் கேளுங்கள், ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்காது.

அதே பல்லாவரத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகை ஒன்று இருக்கிறது. தன் பட்டப்பெயர்களை வரிசையாகப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறான். இப்போது அது ஒரு தர்கா. ஜமீன் பல்லாவரம் பக்கம் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பாதுகாக்கப்பட்டவை என்பதால், 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர்வரை கட்ட அனுமதி வாங்க வேண்டும். அங்கே மாடி எடுக்க நினைத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் தொல்லியல் துறைச் சட்டத்தை உங்களுக்கு வரி வரியாகச் சொல்லுவார்கள். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய பெருசுகள் இன்னும் பட்டா பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று என் நண்பன் ஒருவன் அலுத்துக்கொள்வான்.

மலைகளுக்கும் ஒரு கதை உண்டு. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று தொடரும் இந்தக் குன்றுகளின் கரும்பாறைக்கு நிலவியலில் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்தபோது, அது நம் பக்கத்துப் பாறை என்று தெரிய வந்தது. 1893-இல் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது. உடைத்து உடைத்துச் சென்னையின் அஸ்திவாரத்துக்கு அனுப்பியதுபோக, மிச்சமிருப்பவை குன்றுகளும் ஆழமான கல்குட்டைகளும்.

சரி, இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்று யாராவது கேட்டால், நான் தண்ணீர் என்றுதான் சொல்வேன். அதிலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது.

ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) சாலையும் ஏறத்தாழ ஒரு மேட்டு நிலத்தை ஒட்டிப் போகின்றன. கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று நாம் பிரித்துச் சொல்வது தண்டவாளத்தை வைத்துத்தான். மழைத்தண்ணீரும் கிட்டத்தட்ட அப்படித்தான் பிரிகிறது. கிழக்கே விழுவது சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி நிரம்பி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம். மேற்கே விழுவதோ முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாற்றில் சேர்ந்து, விமான நிலையத்தைத் தாண்டி, நகரத்துக்குள் புகுந்து கடலுக்குப் போகும். ஒரே மேகம் கொட்டிய மழை, இருபது கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி விட்டு இரண்டு இடங்களில் கடலில் கலக்கிறது.

ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் இல்லை, சங்கிலி. மேல் ஏரியின் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) வழிந்தால் அது கீழ் ஏரிக்கு வரவு. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் பழைய காலத்து விவசாயிகள். மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. யானை படுத்திருப்பது போன்ற தூங்கானை மாட விமானம். ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். இப்படி ஒரு கற்றளி எழும்ப வேண்டுமானால் அந்த ஊரில் விளைச்சல் இருந்திருக்க வேண்டும், விளைச்சலுக்கு ஏரி இருந்திருக்க வேண்டும்.

திருநீர்மலை இன்னும் நேரடிச் சாட்சி. திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளமாம். தண்ணீர் வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தாராம். பக்திக் கதை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றோடு கலப்பது இந்தத் திருநீர்மலைப் பக்கம்தான் என்று தெரிந்த பிறகு, ஊர்ப் பெயரையே வெள்ள எச்சரிக்கைப் பலகையாகப் படிக்கத் தோன்றுகிறது.

அப்புறம் ரயில். 1931-இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சுமார் 29 கிலோமீட்டர். பட்டணத்தில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கையே அன்றிலிருந்துதான் இந்தப் பக்கத்துக்குச் சாத்தியமானது. அதற்குமுன் இங்கே வந்தவை எல்லாம், பட்டணத்தில் இடமில்லாதவை அல்லது வேண்டாதவை. தோல் பதனிடும் வேலைக்கு ஊருக்கு வெளியே இடம் வேண்டும். குரோம் தோல் தொழிற்சாலை வந்தது, ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் நிலைத்தது. காச நோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும். டாக்டர் சௌரி முத்து 1928-இல் சானடோரியம் தொடங்கினார். அதன் பெயரில் இன்றும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. காற்றுக்காகத் தேர்ந்தெடுத்த இடத்தில் இன்று ஜி.எஸ்.டி. சாலைப் புகை.

1837-இல் பட்டணத்துக்குள் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சரியாக 100 வருஷம் கழித்து 1937-இல் இங்கே வந்தது. 350 ஏக்கருக்கு மேல் குறுங்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். இன்றும் உள்ளே நுழைந்தால் வெயில் ஒரு படி இறங்கும், புள்ளிமான் குறுக்கே போகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத் தளம் வந்தது. 1954 முதல் விமானப்படையில் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கும் பள்ளி இங்கேதான். காலையில் தலைக்கு மேல் பயிற்சி விமானம் வட்டமடிக்கும்போது போனில் பேசுவதைச் சற்று நிறுத்திவிட்டுத் தொடர்வது எங்கள் ஊர்ப் பழக்கம். 1984-இல் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ், 1985-இல் வண்டலூர் மிருகக்காட்சி சாலை, 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: பட்டணத்தில் இடமில்லை.

மீட்டர்கேஜ் யூனிட் ட்ரெயினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெட்டி குறுகல். எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும், அதனாலேயே சிநேகம் வரும். மீனம்பாக்கம் தாண்டும்போது வேர்க்கடலைக்காரர் ஏறுவார், பல்லாவரத்தில் தோல் வாசனை ஏறும்.  2004-இல் மீட்டர்கேஜ் நின்றது. அகலப்பாதைப் பெட்டியில் முழங்கால் இடிப்பதில்லை, பேச்சும் இல்லை.

நிர்வாகக் கதை சுருக்கமானது. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு மாநகராட்சி ஆக்கினார்கள். 2011 கணக்கெடுப்பில் பல்லாவரத்துக்கு 2 லட்சத்து 15 ஆயிரம் பேர், தாம்பரத்துக்கு 1 லட்சத்து 75 ஆயிரம்தான். இருந்தும் பெயர் தாம்பரத்துக்குப் போனதில் பல்லாவரத்துக்காரர்களுக்கு இன்னும் ஆறவில்லை. கைக்கோடரியையும் பல்லவனையும் வெள்ளிக்கிழமைச் சந்தையையும் வைத்திருப்பவர்கள் அவர்கள், கோபம் நியாயம்தான். அந்தச் சந்தைக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஆட்டுக்குட்டி முதல் பழைய தையல் மிஷின்வரை கிடைக்கும்.

இனி, வீடு பார்க்கப் போகிற உங்களுக்கு. 2015 டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் நாங்கள் பழைய வீட்டை விட்டு, அப்பா எப்போதோ வாங்கிப் போட்டிருந்த முடிச்சூர்ப் பக்கத்து மனையில் கட்டிக் குடிபோயிருந்தோம். இடுப்பளவுத் தண்ணீரில் கேஸ் சிலிண்டர் மிதந்து போனதைப் பார்த்தேன். மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி.

எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத் திறந்ததுதான் காரணம் என்பார்கள். நகரத்துக்குள் நடந்ததற்கு அதைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தத் தண்ணீர் வந்து சேரும் இடத்துக்கு மேலே இருப்பவை. எங்களை முழுக அடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும், அது போக வழியில்லாமல் நாங்கள் கட்டி வைத்திருந்த வீடுகளும்.

தண்ணீர் வடிந்ததும் மாடிக் கொடியில் துணிகளோடு பத்திரங்களையும் கிளிப் போட்டுக் காயவைத்தோம். அப்போதுதான் அப்பாவின் கிரயப் பத்திரத்தை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம்: வடக்கே 20 அடிப் பாதை, கிழக்கே இன்னாருடைய மனை, மேற்கே இன்னாருடைய மனை, தெற்கே ஏரி உபரிநீர் வாய்க்கால்.

தெற்கே எட்டிப் பார்த்தேன். சிமெண்ட் ரோடு, அதற்கப்பால் ஒரு மூன்று மாடி.

"என்னப்பா, வாய்க்கால்னு போட்டிருக்கு?"

"படிச்சுப் பாத்துதான்டா வாங்கினேன். அப்ப அது காஞ்சு கெடந்துது."